அண்ணன் முடி துறந்தார்... தம்பி குடும்பம் எதையெல்லாம் இழந்தது?

1951 செப்டம்பர் 22. சிங்கப்பூர் அதிகாரபூர்வமாக 'நகரம்' எனும் தகுதியைப் பெற்ற நாள். அந்தத் தகுதியை அளித்தவர் அப்போதைய பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ்.

மறுநாளே லண்டனில் அவரது இடது நுரையீரல் அறுவை சிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, மன்னர் காலமானார். வயது 56தான்.

உண்மையில் அவர் மன்னராக வேண்டியவரே இல்லை. தெரியுமா உங்களுக்கு?

யார் இவர்?

1895இல் பிறந்த இவரின் பெயர் ஆல்பர்ட். வீட்டில் 'பெர்ட்டி'. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இரண்டாவது மகன். அடுத்து அரியணை ஏறப்போவது அண்ணன் எட்வர்ட்தான் என்பது முடிவான விஷயம். பெர்ட்டி கடற்படைக்குப் போனார்.

சிறு வயதிலிருந்தே அவருக்குப் பேச்சு திக்கும். 1925இல் வெம்பிளி கண்காட்சியில் பலர் முன்னிலையில் உரையாற்றத் திணறினார். அடுத்த ஆண்டு லயனல் லோக் எனும் ஆஸ்திரேலியரிடம் பேச்சுப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். 'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் பார்த்திருந்தால் இந்தக் கதை உங்களுக்கு ஞாபகம் வரும்.

1923இல் திருமணம். மணமகள் எலிசபெத், அரச குடும்ப வாழ்க்கையை நினைத்துத் தயங்கியவர். இரண்டு முறை மறுத்த பிறகே சம்மதித்தார். பிறகு எலிசபெத், மார்கரெட் என இரு மகள்கள். லண்டன் பிக்கடிலியில் ஒரு வீடு. நால்வரும் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள்.

1936இல் என்ன நடந்தது?

ஜனவரியில் தந்தை மறைந்தார். எட்வர்ட் மன்னரானார். ஆனால் அவர் திருமணம் செய்ய விரும்பிய அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சன், முன்பே இருமுறை மணமானவர். அந்தத் திருமணத்தை அரசாங்கம் ஏற்கவில்லை. டிசம்பரில் எட்வர்ட் முடி துறந்தார்.

பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது. தாயாரிடம் போய்ச் சொன்னபோது அழுதுவிட்டதாக பெர்ட்டி நாட்குறிப்பில் எழுதினார். மூத்த மகளுக்கு வயது 10. அன்றிலிருந்து அவர்தான் அடுத்த வாரிசு! பிக்கடிலி வீட்டை விட்டுக் குடும்பம் பக்கிங்ஹம் அரண்மனைக்குக் குடிபெயர்ந்தது.

பிறகு?

மூன்றாண்டு கழிவதற்குள் போர். பேசத் தயங்கிய மனிதர், வானொலியில் நாட்டு மக்களிடம் பேச வேண்டியதாயிற்று. 1940இல் அவரும் மனைவியும் அரண்மனையில் இருக்கும்போதே அங்கு குண்டுகள் விழுந்தன. 1942இல் தம்பி ஜார்ஜ் விமான விபத்தில் மாண்டார்.

அரச பொறுப்புதான் மன்னரின் உயிரைப் பறித்தது என்று சொல்லிவிட முடியாது. அவர் நிறையப் புகைபிடித்தவர். ஆனால் உடல் தளர்ந்த நிலையிலும் பொறுப்பு அவரை விடவில்லை.

மகளும் தப்பவில்லை. கடற்படை அதிகாரியான கணவர் ஃபிலிப்புடன் மால்ட்டாவில் ஓரளவு சாதாரண வாழ்க்கையை அனுபவித்தவர் எலிசபெத். தந்தையால் பயணம் செய்ய முடியாததால், 1952 ஜனவரி 31ஆம் தேதி அவருக்குப் பதிலாக வெளிநாடு புறப்பட்டார். விமான நிலையம் வந்து வழியனுப்பினார் தந்தை. அதுதான் கடைசிச் சந்திப்பு.

பிப்ரவரி 6. தூக்கத்திலேயே மன்னரின் உயிர் பிரிந்தது. கென்யாவில் இருந்த மகள் அரசியார் ஆனார். வயது 25. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். ஃபிலிப்பின் கடற்படை வாழ்க்கையும் அதோடு முடிந்தது. மன்னரின் மனைவி அதற்குப் பிறகு 50 ஆண்டுகள் கணவரின்றி வாழ்ந்தார்.

அண்ணன் எட்வர்ட்? தம்பி மறைந்து 20 ஆண்டுகள் கழித்து, 1972இல்தான் காலமானார். வயது 77.

காதலுக்காக முடியைத் துறந்த மன்னர் என்று இனி யாராவது உங்களிடம் கதை சொன்னால், அந்த முடி யார் தலையில் போய் உட்கார்ந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.