கேலியை வென்ற ரசாயன மேதை

ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் 1852-ல் பிறந்தவர் வாண்ட் ஹாஃப். டாக்டர் பட்டம் பெற்றும், 1876-ல் அவருக்குக் கிடைத்தது உட்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் ஒரு வேலைதான்.

மூலக்கூறுகளில் அணுக்கள் அமைந்துள்ள விதம் பற்றி அவர் எழுதியதை, 1877-ல் ஜெர்மனிப் பேராசிரியர் கோல்பே, அந்த வேலையையும் சேர்த்துப் பத்திரிகையில் கேலி செய்தார். வாண்ட் ஹாஃப் ஆராய்ச்சியை விடவில்லை. 1878-ல் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியரானார்.

நேரம் ஆக ஆகப் பொருளின் செறிவு குறைவதை அளந்து, ரசாயன வினையின் வேகத்தைக் கணக்கிடும் முறையை 1884-ல் நூலாக வெளியிட்டார். 1901-ல் ரசாயனத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே. கேலி செய்தவர் அதைக் காண உயிருடன் இல்லை.

1911-ல் வாண்ட் ஹாஃப் மறைந்தார். பிளஸ் டூ வகுப்பில் வினைவேகம் படிக்கும் நம் பிள்ளைகள் நடப்பது அவர் போட்ட பாதையில்தான்.