குழந்தைகளின் தோட்டக்காரர்

நம் பள்ளியின் சின்னஞ்சிறு தங்கைகள் மரத்தடியில் புளியங்கொட்டைகளையும் உதிர்ந்த இலைகளையும் அடுக்கிக் கோலம் அமைத்து மகிழ்வதைக் காண்கிறோம். இத்தகைய விளையாட்டையே கல்வியாக்கிய பெருமகன் பிரெடரிக் பிரோபெல் ஆவார்.

இவர் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஜெர்மனி நாட்டில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். ஒன்பதாம் மாதத்திலேயே அன்னையை இழந்தார். தாயில்லாப் பிள்ளைக்குத் தோட்டத்துச் செடிகொடிகளே தோழர்களாயின. 15-ஆம் வயதில் காடு பேணும் தொழில் பயிலச் சென்றார். காடும் அவருக்குப் பள்ளியாயிற்று.

பின்னர் ஆசிரியரான அவர், 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1840-இல் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று அதற்குப் பெயர் சூட்டினார். அங்கே பிஞ்சுக் கைகள் பாத்தியில் செடி வளர்த்தன. குச்சி, விதை, கூழாங்கற்களால் அழகிய வடிவங்கள் அமைத்தன. களிமண்ணில் உருவங்கள் செய்தன. இளம்பெண்களையும் அவர் ஆசிரியைகளாகப் பயிற்றுவித்தார்.

ஆனால், படைப்பில் இறைவனைக் கண்ட அவர்மீதே நாத்திகப் பழி விழுந்தது! 1851-இல் பிரஷ்ய அரசு அவருடைய பள்ளிகளைத் தடை செய்தது. மனம் நொந்த அவர் 1852 ஜூன் 21 அன்று காலமானார். 1860-இல் தடை நீங்கியது. அதைக் காண அவர் இல்லை.

விதைத்தவர் மறைந்தார், தோட்டமோ உலகெங்கும் பூத்தது. தங்கை ஒருத்தி கூழாங்கல்லை நம்மிடம் நீட்டினால், குப்பையென ஒதுக்காமல் அவளோடு அமர்ந்து கோலம் அமைப்போமாக!