தமிழைக் கணினியில் ஏற்றிய ஆசிரியர்

இன்று நாம் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறோம். தமிழ்ச் செய்தித்தாளை இணையத்தில் படிக்கிறோம். இவை நமக்கு மிக எளிய செயல்களாகத் தோன்றுகின்றன. ஆனால், ஒரு காலத்தில் கணினித் திரையில் ஒரு தமிழ்ச் சொல்லைக் காண்பதே அரிதாக இருந்தது. அந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமியும் ஒருவர். அவர் கணினித் துறையில் பயிற்சி பெற்றுப் பணியைத் தொடங்கியவர் அல்லர், தமிழாசிரியர். நடுவயதில் ஒரு புதிய துறையைக் கற்றுக்கொண்டு, அதில் முன்னோடியாக விளங்கியவர்.

நா. கோவிந்தசாமி 1946ஆம் ஆண்டு பிறந்தார். பள்ளி ஆசிரியராகத் தம் பணியைத் தொடங்கிய அவர், பின்னர் ஆசிரியர்களை உருவாக்கும் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர் ஆனார். அக்கழகம் 1991இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாகி, தேசியக் கல்விக் கழகம் என்று பெயர் பெற்றது.

ஆசிரியப் பணியோடு எழுத்துப் பணியையும் அவர் விடாமல் செய்துவந்தார். சிறுகதைகளும் நாடகங்களும் எழுதினார். 'வேள்வி' அவருடைய சிறுகதைத் தொகுப்புகளுள் ஒன்று. இலக்கியக் களம் என்னும் அமைப்பின் வழியாக, சிங்கப்பூரில் வெளிவந்த சிறுகதைகளைப் பற்றிக் கலந்துரையாடவும் திறனாய்வு செய்யவும் வழிவகுத்தார். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

அவர் பணியாற்றிய காலம் சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியில் பெரிய மாற்றங்கள் நிகழ்ந்த காலம். முன்பு இங்கே எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே கற்பித்த பள்ளிகள் இருந்தன. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் துறைமுகத் தொழிலாளர்களும் வணிகர்களுமாகத் தமிழர் பலர் வாழ்ந்தனர். அங்கே கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் முயற்சியால் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தோன்றியது. அது 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆனால், காலப்போக்கில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கே அனுப்பத் தொடங்கினர். மாணவர் எண்ணிக்கை குறைந்ததால், உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆனது. தமிழ், தாய்மொழிப் பாடமாகத் தொடர்ந்தது.

அதே காலத்தில்தான் கணினி அலுவலகங்களுக்குள்ளும் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. இளையர்கள் அதை விரும்பிக் கற்றனர். கணினியில் ஆங்கிலம் மட்டுமே இருந்தால், தமிழ் வகுப்பறைக்குள் மட்டும் பயன்படும் மொழியாகச் சுருங்கிவிடக்கூடும். தமிழும் அந்தக் கருவிக்குள் செல்ல வேண்டும் என்பதைக் கோவிந்தசாமி உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பது. நிலையான வேலையும் எழுத்தாளர் என்ற பெயரும் அவருக்கு இருந்தன. ஆயினும், அவர் மீண்டும் ஒரு மாணவரைப் போலக் கணினியைப் பற்றிக் கற்கத் தொடங்கினார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் எளியதன்று. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளன. தமிழிலோ 247 எழுத்துகள் உள்ளன. ஆங்கிலத்திற்காக அமைக்கப்பட்ட விசைப்பலகையில் இத்தனை எழுத்துகளையும் எப்படி அடக்குவது? அக்காலத் தமிழ்த் தட்டச்சுப் பொறி எழுத்தின் வடிவத்தைப் பின்பற்றியது. எடுத்துக்காட்டாக, 'கோ' என்னும் எழுத்தை அடிக்க முதலில் இரட்டைக்கொம்பையும், அடுத்துக் 'க'வையும், இறுதியில் காலையும் தட்ட வேண்டும். நாம் ஒலிக்கும் முறைக்கும் விரல் தட்டும் முறைக்கும் தொடர்பே இல்லை. இதனால், புதிதாகக் கற்பவர்கள் தடுமாறினார்கள்.

இந்த இடத்தில் கோவிந்தசாமியின் தமிழறிவு அவருக்குக் கைகொடுத்தது. தமிழில் 12 உயிரெழுத்துகளும் 18 மெய்யெழுத்துகளும் உள்ளன. மெய்யும் உயிரும் சேர்ந்து 216 உயிர்மெய் எழுத்துகள் பிறக்கின்றன. அவற்றோடு ஆய்த எழுத்தும் உண்டு. தொடக்கநிலை மாணவர்களுக்கும் தெரிந்த இலக்கணப் பாடம் இது. அப்படியானால், 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசைகள் தேவையில்லை. அடிப்படை எழுத்துகளுக்கு மட்டும் விசைகள் இருந்தால் போதும். அவற்றைச் சேர்த்து உயிர்மெய்யை உருவாக்கும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடலாம். 'க'வையும் 'ஓ'வையும் தட்டினால் திரையில் 'கோ' தோன்றும். ஒலியை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய விசைப்பலகையை அவர் வடிவமைத்தார்.

தம் மென்பொருளுக்கு அவர் 'கணியன்' என்று பெயரிட்டார். கணியன் என்றால் கணித்துச் சொல்பவன் என்று பொருள். உலக மக்கள் அனைவரையும் உறவினராகக் கண்ட சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் அப்பெயர் நினைவூட்டியது. உலகெங்கும் பரவி வாழும் தமிழரை இணைக்க விரும்பிய அவரின் நோக்கத்துக்கு அப்பெயர் மிகவும் பொருத்தமாக இருந்தது.

1990களில் இணையம் வளரத் தொடங்கியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் டான் டின் வீ இணைய ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். அவரும் உயிர்வேதியியல் துறையிலிருந்து கணினித் துறைக்குள் வந்தவரே. சீனரான அவரும் தமிழரான கோவிந்தசாமியும் கைகோத்தனர். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் திட்டம் உருவானது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் வெளிவந்த முதல் தமிழ்ப் பக்கங்களுள் அவையும் அடங்கும்.

ஆனால், சிக்கல் அத்தோடு முடிந்துவிடவில்லை. தமிழ்நாடு, மலேசியா, கனடா, சுவிட்சர்லாந்து எனப் பல இடங்களிலும் ஆர்வலர்கள் தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் உருவாக்கிக்கொண்டிருந்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். ஒவ்வொருவரும் ஒரு முறையைப் பின்பற்றினர். எனவே, ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றொருவரின் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. எல்லாரும் கூடிப் பேசி, ஒரு பொது முறையை ஏற்றால்தான் தமிழ் இணையத்தில் வளரும் என்ற நிலை ஏற்பட்டது.

இதற்கு முதல் முயற்சியாக, 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' என்னும் கருத்தரங்கு நடைபெற்றது. அதை நடத்துவதில் கோவிந்தசாமி முன்னின்று உழைத்தார். பல நாட்டு வல்லுநர்கள் அங்கே நேருக்கு நேர் சந்தித்துக் கருத்துகளைப் பரிமாறிக்கொண்டனர். அதன் தொடர்ச்சியாக, 1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடைபெற்றது. அதன் பயனாக, 'தமிழ் 99' எனப்படும் பொது விசைப்பலகை ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்களுக்குரிய எழுத்துகள் வலப்பக்கமும் அமைந்த அந்த விசைப்பலகையும் ஒலியையே அடிப்படையாகக் கொண்டது. கோவிந்தசாமி பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த கருத்து அதுவே.

அந்த வெற்றியின் பயனை நெடுநாள் காண அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மாநாடு முடிந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. 1999ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் தமது 53ஆம் வயதில் அவர் காலமானார். மறு ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு மீண்டும் கூடியது. அப்போது, 'உத்தமம்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அவர் கண்ட கனவைப் பலர் தொடர்ந்து முன்னெடுத்துச் சென்றனர்.

'இன்டர்நெட்' என்பதற்கு இன்று நாம் 'இணையம்' என்கிறோம். அச்சொல்லை உருவாக்கி வழங்கியவர் நா. கோவிந்தசாமியே என்பர். அச்சொல் இன்று சிங்கப்பூரில் மட்டுமன்றித் தமிழர் வாழும் நாடுகள் அனைத்திலும் வழங்குகிறது.

புதிய துறைக்குச் செல்பவர்கள், தாங்கள் முன்பு கற்றதெல்லாம் வீணாகிவிடுமோ என்று அஞ்சுவதுண்டு. கோவிந்தசாமியின் வாழ்க்கை அந்த அச்சத்தைப் போக்குகிறது. தொடக்கப்பள்ளியில் கற்பிக்கப்படும் உயிரும் மெய்யுமே கணினிச் சிக்கலைத் தீர்க்கும் திறவுகோலாக அவருக்கு உதவின. கற்பதற்கு வயது ஒரு தடையன்று. கற்றது எதுவும் வீண்போவதும் இல்லை.