அந்தரங்கம் காத்த அறவோர்

முன்னுரை

மனிதன் கூடி வாழும் இயல்பினன். ஆயினும், அவன் தன் உள்ளத்தில் எழும் எண்ணங்களையெல்லாம் ஊரறியக் கூற விரும்புவதில்லை. வீட்டிற்குக் கதவும், பெட்டிக்குப் பூட்டும், மடலுக்கு உறையும் அமைந்தமை இதனாலேயாம். கதவும் பூட்டும் உறையும் கண்ணுக்குப் புலனாவன. அவற்றை உடைப்போரைத் தண்டிக்கச் சட்டங்களும் தொன்றுதொட்டு உள்ளன. ஆனால் கதவைத் திறவாமலும், பூட்டை உடையாமலும், உறையைக் கிழியாமலும் ஒருவருடைய மறைபொருளைக் கவரவல்ல கருவிகள் தோன்றினால், மக்களுக்குக் காவலாய் நிற்பது யாது? இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்து விடை கண்ட பெரியோருள் தலையாயவர் அமெரிக்க நாட்டு நீதிபதி லூயிஸ் டெம்பிட்ஸ் பிராண்டைஸ் ஆவார். இணையம் என்னும் சொல்லையே அவர் கேட்டிலர்; எனினும், இணைய உலகில் வாழ்வோர்க்கு அவர் வகுத்த நெறி இன்றும் வழிகாட்டி நிற்கின்றது.

பிறப்பும் கல்வியும்

பிராண்டைஸ் 1856 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13 ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஐரோப்பாவில் பிராகு நகரிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த யூதர்கள். தந்தையார் தானிய வாணிகம் செய்து வந்தார். தாய்மாமனாராகிய டெம்பிட்ஸ் சிறந்த வழக்கறிஞர். அடிமை முறையை வெறுத்தவர். அம்மாமன்மீது கொண்ட மதிப்பினாலேயே பிராண்டைஸ் டேவிட் என்னும் தம் நடுப்பெயரை நீக்கி, டெம்பிட்ஸ் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார்.

இளமையில் அவர் சில ஆண்டுகள் செருமனி நாட்டு திரெசுடன் நகரில் பயின்றார். ஓரிரவு விடுதித் திறவுகோலை மறந்து வந்த அவர், உள்ளே உறங்கிய தோழனை எழுப்பத் தெருவில் நின்று சீழ்க்கை அடித்தார். இச்சிறு செயலுக்காக அவர் கண்டிக்கப்பட்டார். அங்குப் பெற்ற கல்வியை அவர் பெரிதும் போற்றினார். ஆனால், மனிதனுடைய சிறு அசைவையும் கண்காணிக்கும் கட்டுப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. தம் ஊரின் உரிமை வாழ்வை எண்ணி ஏங்கினார்.

தாயகம் திரும்பியபின் 1875 ஆம் ஆண்டில் ஆர்வர்டு சட்டக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கண்ணோய் அவரைப் பற்றியது. நூல்களைத் தாமே படிக்க இயலாத நிலையில், தோழர்கள் படிக்கக் கேட்டு அவற்றை நெஞ்சிற் பதித்துக்கொண்டார். அங்ஙனம் கற்றே 1877 இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அப்பொழுது அவருக்கு வயது இருபதே. பட்டம் பெறுதற்குரிய இருபத்தோராம் வயது நிரம்பாதிருந்தும், கல்லூரியார் விதியைத் தளர்த்தி அவருக்குப் பட்டம் நல்கினர்.

அந்தரங்க உரிமை

1879 ஆம் ஆண்டில் அவர் தம் கல்லூரித் தோழர் சாமுவேல் வாரனுடன் சேர்ந்து பாசுடன் நகரில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அக்காலத்தில் புதிய கருவிகள் பல தோன்றி மக்கள் வாழ்வை மாற்றி வந்தன. 1876 இல் கிரகாம் பெல் தொலைபேசியை உலகிற்கு அளித்தார். 1888 இல் ஈசுட்மன் கையில் ஏந்திச் செல்லத்தக்க கோடாக் படக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதுவரையில் படம் எடுத்துக்கொள்ள விரும்புவோர் படநிலையம் சென்று, அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். ஆதலின், தாம் படம் எடுக்கப்படுவதை அவர்கள் அறிந்தே இருந்தனர். புதிய கருவியோ, ஒருவர் அறியாமலே அவரைப் படம் பிடிக்க வல்லதாயிற்று. செய்தித்தாள்கள் சிலவும் பிறர் வீட்டு நிகழ்ச்சிகளைத் தேடித் துருவி அச்சிட்டுப் பொருளீட்டின.

இந்நிலையைக் கண்டு வருந்திய நண்பர் இருவரும் 1890 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஆர்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை என்னும் கட்டுரையை எழுதி வெளியிட்டனர். சட்டம் முதலில் மனிதனுடைய உடலையும் உடைமையையும் காத்தது. பின்னர் அவனுடைய புகழையும் காக்கத் தொடங்கியது. அவ்வாறே இனி அவனுடைய எண்ணங்களையும் உணர்வுகளையும் இல்வாழ்வின் அமைதியையும் காத்தல் வேண்டும் என்பது அக்கட்டுரையின் சாரம். வெளியிட்ட செய்தி உண்மையானது என்பதோ, தீய நோக்கமின்றி வெளியிட்டேன் என்பதோ குற்றத்தைப் போக்காது என்றும் அவர்கள் விளக்கினர். பொய்யால் விளைவது பழி. உண்மையேயாயினும் அம்பலமாக்குவதால் விளைவது உளப்புண். இவ்விரண்டும் வெவ்வேறானவை. அதே சமயம், பொதுநலத்திற்குரிய செய்திகளை வெளியிடுவதை இவ்வுரிமை தடுக்காது என்று அதன் எல்லையையும் வரையறுத்தனர்.

மக்கள் வழக்கறிஞர்

பிராண்டைஸ் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டினார். ஆயினும் பொதுநலம் கருதி நடத்திய வழக்குகளுக்குக் கூலி பெற மறுத்தார். அதனால் மக்கள் வழக்கறிஞர் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. ஏழைத் தொழிலாளர் குறைந்த செலவில் ஆயுள் காப்புறுதி பெறும் வண்ணம், சேமிப்பு வங்கிகளே அதனை வழங்கும் சட்டம் 1907 இல் மாசச்சூசெட்சு மாநிலத்தில் நிறைவேற உழைத்தார். 1908 இல் ஆரிகன் மாநிலத்துப் பெண் தொழிலாளரின் வேலை நேரம் பற்றிய வழக்கில், சட்ட வாதத்தை இரண்டே பக்கங்களில் முடித்து, தொழிலாளர் உடல்நலம் பற்றிய சான்றுகளை நூறு பக்கங்களுக்கு மேல் தொகுத்து உச்ச நீதிமன்றத்தின்முன் வைத்து வென்றார்.

பெருவங்கிகள் மக்கள் பணத்தைக் கொண்டு மறைவில் நடத்திய வாணிகத்தையும் அவர் கண்டித்து எழுதினார். வங்கியார் பெறும் தரகுப் பணம் எவ்வளவு என்பதை மக்கள் அறியச் செய்தல் வேண்டும் என்றார். அந்தரங்கத்தைக் காக்க முனைந்தவர், வங்கியின் மறைவை நீக்க முனைந்தது முரண்பாடு அன்றோ எனச் சிலர் கருதலாம். அன்று. எளிய குடிமகனுடைய இல்வாழ்வு பிறர் கண்ணுக்கு மறைந்திருத்தல் வேண்டும். பலருடைய வாழ்வை ஆட்டிப்படைக்கும் ஆற்றலுடையோர் செயல் வெளிச்சத்தில் நிகழ்தல் வேண்டும். இவையிரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்களாம். இதனை உணர்ந்தால் பிராண்டைசின் வாழ்வு முழுவதையும் உணரலாம்.

தொலைபேசி வழக்கு

1916 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். செல்வரும் பெருவணிகரும் கடுமையாக எதிர்த்தனர். அவர் யூதர் என்பதும் சிலருடைய வெறுப்பிற்குக் காரணமாயிற்று. நான்கு திங்கள் ஆய்வுக்குப்பின், சூன் முதல் நாள் மேலவையில் 47 பேர் அவருக்குச் சார்பாகவும் 22 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் யூதர் அவரே.

அவர் நீதிபதியாய் இருந்த காலத்தில் அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நிலவியது. சியாட்டில் நகரில் ராய் ஓம்சுடெட் என்னும் முன்னாள் காவல் அதிகாரி ஒருவன், பெருங்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மதுக் கடத்தல் நடத்தினான். அவனைப் பிடிக்க விரும்பிய மத்திய அரசின் அலுவலர், அவனுடைய அலுவலகம் இருந்த கட்டடத்தின் நிலவறையிலும், கூட்டாளிகளின் வீடுகளுக்கு அருகில் தெருக்களிலும் தொலைபேசிக் கம்பிகளோடு வேறு கம்பிகளை இணைத்தனர். பல திங்களாக உரையாடல்களை ஒட்டுக்கேட்டு எழுதினர். அக்குறிப்புகள் 775 பக்கங்கள் ஆயின. அவ்வாறு ஒட்டுக்கேட்பதை அம்மாநிலச் சட்டமே குற்றம் என்று விதித்திருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. குடிமக்களின் உடலையும் வீட்டையும் தாள்களையும் உடைமைகளையும் நேர்மையற்ற சோதனையிலிருந்து காக்கும் அரசமைப்பின் நான்காம் திருத்தம் இதற்குப் பொருந்துமா என்பதே வினா. 1928 ஆம் ஆண்டு சூன் 4 ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. அலுவலர் எவரும் வீட்டினுள் நுழையவில்லை, எப்பொருளையும் கைப்பற்றவில்லை. ஆதலின் திருத்தம் பொருந்தாது என்று தலைமை நீதிபதி டாப்டும் மற்றும் நால்வரும் முடிவு செய்தனர். எஞ்சிய நால்வர் மாறுபட்டனர். அவருள் ஒருவர் பிராண்டைஸ்.

பிராண்டைஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, தோற்றும் வென்ற தீர்ப்பாகும். அரசமைப்பை இயற்றியோர் தம் காலத்துக் கருவிகளை மட்டும் எண்ணி எழுதவில்லை. வருங்காலத்திற்கும் சேர்த்தே எழுதினர் என்றார் அவர். ஒரு தொலைபேசியை ஒட்டுக்கேட்டால், ஐயத்திற்கு உரியவனுடைய பேச்சு மட்டுமன்றி, அவனோடு பேசும் ஒவ்வொருவருடைய பேச்சும், எவ்வளவு நேர்மையானதாயினும், செவிப்படும் என்று எடுத்துக்காட்டினார். அறிவியலின் வளர்ச்சி இத்துடன் நில்லாது. பெட்டியில் உள்ள தாள்களை எடுக்காமலே அவற்றில் உள்ளவற்றை நீதிமன்றத்தில் காட்டும் வழியையும் அரசு ஒரு நாள் பெறக்கூடும் என்று முன்னறிந்து உரைத்தார். அரசு மக்களுக்கு ஆசிரியன் போன்றது. அதுவே சட்டத்தை மீறினால், மக்களும் சட்டத்தை இகழக் கற்பர் என்று எச்சரித்தார்.

அவர் மதுக் கடத்துவோனுக்கு இரங்கினார் அல்லர். குற்றவாளியைப் பிடித்தல் வேண்டும். ஆனால், முறையான வழியிற் பிடித்தல் வேண்டும் என்பதே அவர் கொள்கை.

காலம் தந்த வெற்றி

பிராண்டைஸ் 1939 இல் பதவியினின்று ஓய்வு பெற்று, 1941 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் கருத்து வென்றதை அவர் காணவில்லை. 1967 இல் அதே நீதிமன்றம் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளியே வைத்த கருவியால் ஒருவன் பேச்சைப் பதிவு செய்த வழக்கில், சட்டம் காப்பது இடத்தை அன்று, மனிதனையே என்று முடிவு செய்தது. 2018 இல் கைப்பேசி வழக்கொன்று வந்தது. ஒருவன் 127 நாள் சென்ற இடங்களை அவனுடைய கைப்பேசிப் பதிவுகளைக் கொண்டு காவலர் அறிந்திருந்தனர். நீதிபதியின் பிடியாணை பெறாமல் அங்ஙனம் செய்தல் தகாது என்ற தீர்ப்பில், பிராண்டைசின் பழைய உரை நினைவுகூரப்பட்டது.

இந்திய நாட்டிலும் அவர் கருத்து வேரூன்றியது. ஆதார் திட்டத்தைக் குறித்து ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்னும் வினா எழுந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் 2017 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 24 ஆம் நாள், அஃது அரசமைப்பின் 21 ஆம் பிரிவு காக்கும் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1890 ஆம் ஆண்டுக் கட்டுரையும் அத்தீர்ப்பில் ஆராயப்பட்டது.

முடிவுரை

இன்று கைப்பேசி இல்லாத இல்லம் அரிது. அஃது ஒருவர் செல்லும் இடத்தையும், தேடும் பொருளையும், உரையாடும் நண்பரையும் பதிந்து வைக்கவல்லது. நான் குற்றம் செய்யாதவன். மறைப்பதற்கு என்னிடம் என்ன உள்ளது என்று கூறுவோர் பலர். சாளரத்திற்குத் திரை இடுவோர் எல்லாம் குற்றம் புரிவோர் அல்லரே! நோயாளி மருத்துவரிடம் கூறுவதும், மகள் தாயிடம் கூறுவதும் குற்றங்கள் அல்ல. எனினும் ஊர் கேட்க உரியன அல்ல. தம் செய்தியைத் தாமே தருகின்றோமே என்று கருதுவோரும் உளர். ஒருவனுடைய கைப்பேசியில் அவனுடைய செய்தி மட்டுமா உள்ளது? அவனை நம்பிய நண்பரின் மடலும், உறவினரின் படமும் உள்ளன. அவற்றை வழங்க அவனுக்கு உரிமை ஏது?

பிறர் மடலைப் படியாமையும், பிறர் படத்தை அவர் இசைவின்றிப் பரப்பாமையும் சிறுவர்க்கும் இயலும் அறங்களே. கருவிகள் காலந்தோறும் மாறும். மனிதனுடைய மாண்பு மாறாது. பூட்டு மறைந்தாலும் காவல் மறையலாகாது என்பதே பிராண்டைசின் வாழ்வு உலகிற்கு உணர்த்தும் உண்மையாகும்.