கொயினா மரம் வளர்த்த மெக்கைவர் துரை

உதகமண்டலம் போகிறவர்கள் தாவரப் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. புல்தரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பூவைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பூங்காவை உண்டாக்கியவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்பது தோட்டக்கலை படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. ஆனால் பூங்கா அவர் செய்த வேலையில் பாதிதான். மற்றப் பாதி, காய்ச்சலுக்கு மருந்தாகும் ஒரு மரத்தைப் பற்றியது. அதில் ஒரு பண்டமாற்று வருகிறது. உலக வியாபாரத்தில் பெரும் பெரும் தொகைகள் அந்த மாற்றைச் சுற்றிப் புரண்டிருக்கின்றன.

மெக்கைவர் ஒரு தோட்டக்காரர். லண்டனுக்கு அருகே உள்ள கியூ தோட்டத்தில் வேலை பழகியவர். இளவயதிலேயே பாசி இனத்துச் சிறு செடிகள் மேல் அவருக்குப் பித்து உண்டு. பிரிட்டனில் கிடைக்கும் ஈரல்பாசிகளைச் சேகரித்து, உலர்த்தி, 1847-ல் தொகுப்பாக வெளியிட்டார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாசி பிற்பாடு அவருக்குக் கை கொடுக்கப் போகிறது.

அடுத்த வருஷம், 1848-ல், சென்னை சர்க்கார் அவரை நீலகிரிக்கு அழைத்துக்கொண்டது. தொட்டபெட்டா மலையின் சரிவில் அவருக்குக் காட்டிய இடம் மேலே அடர்ந்த காடு, கீழே சதுப்பு. அதற்கு முன் அங்கே வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்திப் பார்த்திருந்தார்கள். மெக்கைவர் சதுப்பை வடித்தார், சரிவை வெட்டிப் படிகளாக்கினார், பாதை போட்டார், வெளிநாட்டு மரங்களை நட்டார். தோட்டம் உருப்பெறச் சுமார் பத்து வருஷம் பிடித்தது. 1866-ல் சீமையிலிருந்து மீன் கொண்டுவந்து ஊட்டியில் விட்டவரும் இவரே. புதிய உயிர் எதைக் கண்டாலும் இங்கே வளருமா என்று சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாத சுபாவம்.

காய்ச்சலும் பட்டையும்

அந்த நாளில் இந்தியாவில் மலைக்காய்ச்சல் வருஷந்தோறும் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கொசுதான் காரணம் என்பது யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். (அந்த வருஷம்தான் அவர் ஊட்டிக்கு வந்து, சீகூர் கணவாய்ப் பக்கம் காய்ச்சலை ஆராயப் போய், தாமே மலேரியாவில் படுத்தார்.) காரணம் தெரியாவிட்டாலும் மருந்து தெரிந்திருந்தது. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலையில் விளையும் சிங்கோனா மரத்தின் பட்டை அது. பட்டையிலிருந்து எடுக்கும் உப்பைத்தான் நம் ஜனங்கள் கொயினா என்றார்கள். கசப்புக்கு உதாரணம் சொல்ல வேண்டுமானால் நம் பாட்டிமார் கொயினாவைத்தான் சொல்வார்கள்.

பட்டை அவ்வளவும் அந்நிய நாட்டிலிருந்து வர வேண்டும். அங்கே மரத்தை வெட்டித் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள், திரும்ப நடுவாரில்லை. விதையை வெளியே விட அந்த நாடுகளுக்கும் மனமில்லை. ஆகவே 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை இந்திய மந்திரி காரியாலயம் அனுப்பியது. மார்க்கம் பெருவில் தாமே சேகரித்த செடிகளை அந்த வருஷ முடிவுக்குள் ஊட்டிவரை கொண்டுவந்துவிட்டார்; ஆனால் வழியில் பட்ட வெயிலில் வாடிய அவை ஏறக்குறைய எல்லாம் பட்டுப்போயின. பிழைத்து வந்தவை, ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்பவர் ஈக்வடாரில் பாடுபட்டுச் சேர்த்த சிவப்புப் பட்டை இனத்தின் விதைகளும், 1861-ல் ராபர்ட் கிராஸ் கண்ணாடிப் பெட்டிகளில் கொண்டுவந்து சேர்த்த சில நூறு செடிகளுந்தான்.

அவற்றை மெக்கைவர் கையில் ஒப்படைத்தார்கள். சரியான கைதான். ஒவ்வொரு கிளையையும், ஒவ்வொரு கணுவையும் அவர் செடியாக்கினார். குளிருக்குத் தாங்கும் இனத்தைத் தொட்டபெட்டாவிலும், சிவப்புப் பட்டையைக் கூடலூர் போகும் வழியில் உள்ள நடுவட்டத்திலும் நட்டார். நடுவட்டத்தில் காடு திருத்த வந்த கைதிகளில் சீனர்களும் இருந்தார்கள். விடுதலையான பின் சிலர் அங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து குடியேறிவிட்டார்கள் என்பது தனிக் கதை. அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது. சில நூறாக வந்த செடி பத்தே வருஷத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது.

இன்னொரு வித்தையும் செய்தார். பட்டைக்காக மரத்தை வெட்டினால் மரம் போயிற்று. மெக்கைவர் மரத்தை வெட்டாமல், தோலை நீள் கீற்றுகளாக ஒன்று விட்டு ஒன்று உரித்தார்; உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். வெயில் படாத இடத்தில் புதுத்தோல் வளர்ந்தது. முன்னிருந்ததைவிடப் புதுப்பட்டையில் மருந்துச் சத்து கூடுதல் என்று லண்டன் ரசாயன நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். இளவயதில் பாசி பொறுக்கியது வீண்போகவில்லை!

ஒரு சிமிழ் விதை

இப்போது கதை பொலிவியாவுக்குப் போகிறது. அங்கே சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியிடம் மானுவேல் இங்க்ரா மமானி என்ற மலைவாசி வேலைக்காரர் ஒருவர் இருந்தார். எந்த மரத்தின் பட்டை உயர்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். ஒரு குறிப்பிட்ட காட்டு மரங்களில்தான் முதல்தர விதை கிடைக்கும் என்று, உறைபனியில் பூக்கள் கருகிப்போன வருஷங்களையெல்லாம் பொறுத்திருந்து, நாலைந்து வருஷம் காத்து, 1865-ல் விதையைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் தடவை போனபோது பிடிபட்டார். சிறையில் அடித்த அடியில் உயிர் போயிற்று. யாருக்காகச் சேகரித்தாய் என்ற கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை என்கிறார்கள்.

விதை லண்டனில் இருந்த லெட்ஜரின் தம்பி ஜார்ஜுக்குப் போயிற்று. சுமார் 14 ராத்தல். ஜார்ஜ் அதைப் பிரிட்டிஷ் சர்க்காரிடம் கொண்டுபோனார். வாங்குவாரில்லை. கியூ தோட்டத்துத் தலைவர் வில்லியம் ஹூக்கர் அந்த வருஷந்தான் காலமாகியிருந்தார். மற்ற அதிகாரிகளுக்கு நீலகிரியில் தோட்டம் போட்டாகிவிட்டது, செடி லட்சக்கணக்கில் வளர்கிறது, இனி ஊர் பேர் தெரியாத ஒரு மூட்டை விதைக்குப் பணம் எதற்கு என்றே தோன்றியிருக்க வேண்டும். கையில் உள்ளது நன்றாக இருக்கும்போது மேலான ஒன்றைத் தேடி எழுந்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

டச்சுக்காரர்கள் நிலைமை வேறு. ஜாவாவில் அவர்களும் சிங்கோனா பயிரிட்டிருந்தார்கள். ஆனால் தேர்ந்தெடுத்த இனம் தவறு. லட்சக்கணக்கில் வளர்த்த பிறகுதான் அந்தப் பட்டையில் மருந்து இல்லை என்று தெரிந்தது. சூடு கண்ட பூனை அல்லவா? அவர்கள் ஒரே ஒரு ராத்தல் விதையை 100 பிராங்குக்கு வாங்கினார்கள். முளைத்தால் மேற்கொண்டு தருவதாகப் பேச்சு. நஷ்டமானால் சொற்பம், லாபமானால் மலையளவு. பேரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மிச்ச விதையை வாங்கியவர் இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த மனி என்ற துரை. பணம் என்று பொருள்படும் பெயர்! ஆனால் பணம் அவர் பக்கம் நிற்கவில்லை. இந்தியா திரும்பியதும் அவர் லெட்ஜர் விதையை ஊட்டி சர்க்கார் தோட்டத்தில் கொடுத்து, அதற்குப் பதிலாகச் சிவப்புப் பட்டை விதையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மனி துரையை முட்டாள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சிவப்புப் பட்டை கண்ணெதிரே வளர்ந்து நின்றது. நட்டால் வரும், உரித்தால் விலை போகும். மற்றதோ வெறும் விதை. மரம் எப்படி, பட்டையில் என்ன இருக்கிறது என்பது சில வருஷம் கழித்தே தெரியும். அமெரிக்காவில் இப்போது தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் வருஷந்தோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. வரிசையில் முன்னால் போக வேண்டுமானால், தன் பங்குக்கு உள்ள பின்வரிசைத் தேர்வுகள் இரண்டு மூன்றை இன்னொரு கழகத்துக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். எந்தத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியும் முன்வரிசைக்காகக் கழகங்கள் அளவுக்கு மிஞ்சி விலை கொடுக்கின்றன என்றுதான் கணக்குப் போட்ட பொருளாதார நிபுணர்கள் கண்டார்கள். இளம் ஆட்டக்காரனானாலும் விதையானாலும், முளைத்து வளருமுன் மதிப்புப் போடுவது அவ்வளவு கஷ்டம்.

ஆகவே ஊட்டியில் நடந்த மாற்றில், ஏட்டளவில் ஜெயித்தவர் மெக்கைவர். தம்மிடம் குவிந்து கிடந்த விதையைக் கொடுத்து, உலகத்திலேயே உயர்ந்த சிங்கோனா விதையைப் பெற்றுக்கொண்டார். அதற்குமேல் யாராலும் பேரம் பேச முடியாது.

மாற்றுக்குப் பிறகு

ஜாவாவில் அந்த ஒரு ராத்தலிலிருந்து சுமார் 20,000 விதை முளைத்தது. சில வருஷம் கழித்து, மோயென்ஸ் என்ற ரசாயன நிபுணர் மரங்களின் பட்டையைச் சோதித்தார். சாதாரணச் சிவப்புப் பட்டையில் கொயினா நூற்றுக்கு 2, 3 பங்கு. லெட்ஜர் மரத்தில் பத்துக்கு மேல், சிலவற்றில் 13 வரை! டச்சுக்காரர்கள் உடனே மட்டமான இனங்களை ஒதுக்கினார்கள். சிங்கோனா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். ஆகையால் உயர்ந்த மரங்களைத் தனியே பிரித்து வைத்து விதை எடுத்தார்கள். லெட்ஜர் மரம் நோஞ்சான் என்று கண்டு, பிற்பாடு சிவப்புப் பட்டையின் உறுதியான வேரில் அதை ஒட்டுக் கட்டினார்கள்.

நீலகிரியில் அப்படி நடக்கவில்லை. லெட்ஜர் நாற்றுகள் முளைத்தன. ஆனால் அவை பெருந்தோட்டமாக ஆகவில்லை. அந்த மரத்துக்கு நீலகிரி மலை உயரமும் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். வடக்கே டார்ஜிலிங் பக்கத்து மங்பூவில் அது பின்னாளில் நன்றாகவே வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதில் மெக்கைவரைக் குறை சொல்லுமுன் சற்று யோசிக்க வேண்டும். 1866-ல் சென்னை சர்க்கார் ஒரு மருத்துவக் கமிஷன் அமைத்தது. பட்டையில் கொயினாவோடு கூட இருக்கும் மற்ற உப்புகளும் காய்ச்சலைத் தணிக்குமா என்பது கேள்வி. ஏறக்குறைய கொயினா அளவுக்கே தணிக்கும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சிவப்புப் பட்டையில் கொயினா குறைவானாலும் எல்லா உப்பும் சேர்ந்தால் நிறைய. ஏழை ஜனங்களுக்கு மலிவான மருந்து வேண்டும் என்றால், சீக்கிரம் வளர்ந்து ஏராளமாகப் பட்டை தரும் மரமே போதும். மெக்கைவர் வளர்த்தது அந்த மரத்தைத்தான். லண்டன் சந்தையின் தராசில் வைத்தால் அது தோல்வி. கிராமத்துக் குடிசையில் நடுக்கத்தோடு படுத்திருப்பவன் தராசு வேறு.

ஆனால் உலகம் சந்தைத் தராசையே பிடித்துக்கொண்டது. மருந்துக் கம்பெனிகள் கேட்டது சுத்தமான கொயினா. இலங்கையில் காப்பி இலைநோயில் அழிந்ததும் தோட்டக்காரர்கள் சிங்கோனாவை மலைமலையாக நட்டார்கள். 1880-களில் பட்டை குவிந்து விலை விழுந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். நீலகிரித் தோட்டங்களும் பல அந்த வழியே போயின. நடுவட்டத்தில் சர்க்கார் தொழிற்சாலை தொடர்ந்து மருந்து காய்ச்சியது. 1930-களில் உலகக் கொயினாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்தது.

1942 மார்ச் மாதம் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். பர்மாக் காடுகளில் போர் செய்யும் சிப்பாய்களுக்குக் கொயினா இல்லை. அப்போதுதான் நேச நாடுகள் இந்திய சிங்கோனாத் தோட்டங்களை நினைத்துக்கொண்டன. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இருந்த மரங்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது.

இவற்றில் எதையும் மெக்கைவர் பார்க்கவில்லை. லெட்ஜர் மரத்தின் பெருமை உலகத்துக்கு முழுதும் தெரியுமுன்பே, 1876 ஜூன் 8-ம் தேதி அவர் காலமானார். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். லெட்ஜரும் செழிக்கவில்லை. டச்சு சர்க்கார் வெகுகாலம் கழித்துக் கொடுத்த சிறு உபகாரச் சம்பளத்தோடு 1905-ல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். மனி துரை வாங்கிப்போன விதை அவர் தோட்டத்தில் நன்றாகத்தான் முளைத்திருக்கும். சிவப்புப் பட்டை ஏமாற்றாத மரம்.

நடுவட்டத்துச் சரிவுகள் இப்போது பெரும்பாலும் தேயிலை. நடுவே அங்கங்கே சில சிங்கோனா மரங்கள் நிற்கின்றன. பட்டையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் கசக்கும்.