பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் முழந்தாளிட்டவர்

பாரிசு நகரில் அர்ச். அகுஸ்தீனார் பேரால் ஒரு பெரிய கோவில் உண்டு. 1886-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், இருபத்தெட்டு வயது வாலிபர் ஒருவர் அங்கே ஹுவ்லேன் என்னும் குருவானவரைத் தேடி வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்வதற்கல்ல, வேதத்தைப் பற்றிப் பாடம் கேட்பதற்காகவே வந்தார். அவர்தான் சார்லஸ் தெ ஃபூக்கோ. அவர் விசுவாசத்தை இழந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சார்லஸ் 1858-ல் ஸ்திராஸ்பூர் நகரில் பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயது நிறையுமுன் தாயும் தகப்பனாரும் ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். தாயைப் பெற்ற பாட்டனார் அவரை வளர்த்தார். 1872-ல் புதுநன்மை வாங்கினார். ஆனால் கண்ட புத்தகங்களையும் படித்து, பதினாறாம் வயதில் விசுவாசத்தைத் தொலைத்தார். 1878-ல் பாட்டனாரும் காலமானார். கைக்கு வந்த பெருஞ்சொத்தை விருந்திலும் கேளிக்கையிலும் கரைத்தார். குதிரைப்படைப் பள்ளியில் கடைசி மாணவராகத் தேறினார். அல்ஜீரியாவில் படை அதிகாரியாயிருந்தபோது, கெட்ட நடத்தைக்காக 1881-ல் பதவியினின்று சிலகாலம் விலக்கி வைக்கப்பட்டார்.

பிறகு படையை விட்டுவிட்டு, 1883-ல் யூத ரபியைப்போல் வேடம் பூண்டு மொராக்கோ நாட்டுக்குள் புகுந்தார். உயிருக்குத் துணிந்து பதினொரு மாதம் சுற்றினார். பாரிசு பூகோளச் சங்கம் 1885-ல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. ஆனால் அந்தப் பயணத்தில் அவர் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அங்குள்ள முஸ்லிம்கள் வேளை தவறாமல் சர்வேசுரனைத் தொழுவதைக் கண்டு, தமக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று கலங்கினார்.

பாரிசுக்குத் திரும்பியபோது அத்தை வீட்டார் அவரை அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். அத்தை மகள் மரி தெ பொந்தி அவருக்கு எட்டு வயது மூத்தவர், ஆழ்ந்த பக்தியுள்ளவர். அவரும் வீட்டாரும் சார்லசின் பழைய குற்றங்களைக் கிளறவில்லை, வாதாடவுமில்லை. இவ்வளவு அறிவும் நற்குணமும் உள்ளவர்கள் விசுவசிக்கும் வேதம் வெறும் பைத்தியமாயிருக்க முடியுமா என்று அவரே யோசிக்கத் தொடங்கினார். கோவில்களில் போய் உட்கார்ந்து, சர்வேசுரன் இருந்தால் தமக்குத் தம்மை வெளிப்படுத்தும்படி மன்றாடினார்.

கடைசியில் ஹுவ்லேன் சுவாமியாரிடம் போனார். அவரோ பாடம் தொடங்காமல், முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். தமக்கு விசுவாசம் இல்லையே என்று சார்லஸ் தயங்கினார். சுவாமியார் விடவில்லை. சார்லஸ் முழந்தாளிட்டார். பன்னிரண்டு ஆண்டுப் பாரமும் இறங்கியது. அன்றைக்கே தேவநற்கருணையும் உட்கொண்டார்.

அன்றுமுதல் அவர் தமக்கென்று வாழவில்லை. சிலகாலம் திராப்பித் துறவியாயும், நாசரேத்தில் கன்னியர் மடத்து வேலையாளாயும் இருந்தார். 1901-ல் குருப்பட்டம் பெற்றுச் சகாராப் பாலைவனத்திலே துவாரெக் மக்களுக்குச் சகோதரனாய் வாழ்ந்தார். அவர்கள் பாஷைக்குப் பெரிய அகராதி ஒன்று தொகுத்தார். 1916-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, தாமன்ராசேத்தில் ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவர் பாலைவன வாழ்வில் பங்குகொள்ளச் சீடர் ஒருவரும் இல்லை. அவர் வழியில் நடக்கும் சிறிய சகோதரர்களும் சகோதரிகளும் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் உரோமையில் அவரை அர்ச்சியசிஷ்டவராக அறிவித்தார். நமது மறைச்சாட்சி தேவசகாயம் பிள்ளையும் அதே பூசையில் அப்பட்டம் பெற்றார்.

நமது வீடுகளிலும் கோவிலை மறந்த பிள்ளைகள், கணவன்மார், அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களைச் சாப்பாட்டு வேளையில் கடிந்துகொள்வதால் என்ன பயன்? மரி அம்மாளைப்போல் அன்பாய் நடந்து, கதவைத் திறந்து வைத்து, செபத்தோடு காத்திருப்போம். கோவிலை விட்டு வெகுகாலம் ஆனவரும், சந்தேகமெல்லாம் தீரட்டும் என்று காத்திராமல், முதலில் முழந்தாளிடட்டும்.