முத்துலட்சுமி ரெட்டியும் புற்றுநோய்ச் செவிலியரும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெருமைகளைப் பட்டியலிடுவோர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தவறாமல் குறிப்பிடுவர். பெண் மருத்துவர்களின் முன்னோடி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்ற அளவில் அந்த அறிமுகம் முடிந்துவிடும். அவரது பிற்கால வாழ்வை ஆட்கொண்ட புற்றுநோய்ப் பணியோ, இம்மாவட்டத்தின் கடலோர எல்லையிலுள்ள கட்டுமாவடியில் வாழும் எங்களுக்கு இன்றும் நேரடியாகப் பயன்பட வேண்டிய ஒன்று.

1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் இசைவால் கதவு திறந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சென்னை மாகாண சட்டமன்ற மேலவையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் தொடங்கிய சட்டப் போராட்டம் 1947-இல்தான் நிறைவேறியது.

அவரை மிகவும் உலுக்கிய நிகழ்வு, 1920-களின் தொடக்கத்தில் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே மறைந்தது. மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலவில்லை. புற்றுநோய் என்றால் சாவு என்று சமூகம் மட்டுமன்றி மருத்துவ உலகமும் நம்பிய காலம் அது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டலானார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-இல் அடையாறில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் இணைந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர். 1968 ஜூலை 22-இல் முத்துலட்சுமி காலமானார்.

புற்றுநோய்க்கெனத் தனி அறிவும் தனி இடமும் வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம். மருத்துவர்களைப் பொருத்தவரை இன்று அது ஏற்கப்பட்டுவிட்டது. செவிலியரைப் பொருத்தவரை இன்னும் முழுமையாக ஏற்கப்படவில்லை.

புற்றுநோய் வார்டில் செவிலியரின் பணி பொது வார்டுப் பணி அன்று. கீமோதெரபி மருந்து நரம்பைவிட்டுக் கசிந்தால் சதையே அழுகக்கூடும். வெள்ளணுக்கள் குறைந்த நோயாளிக்குச் சாதாரணக் காய்ச்சலும் உயிராபத்து. மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றில் பை பொருத்தப்பட்டவர், அதைத் தாமே மாற்றவும் தோலைப் பேணவும் கற்க வேண்டும். முத்துலட்சுமியின் தங்கைக்கு வந்த அதே நோய் இன்று ஒரு மீனவருக்கு வந்தால், அவர் மீண்டும் கடலுக்குச் செல்வதை அறுவை மருத்துவரின் திறன் மட்டுமன்றி, அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் செவிலியரின் திறனும் தீர்மானிக்கும்.

இதற்கெனப் பட்டயச் செவிலியருக்கு ஓராண்டு மேற்படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. ஆனால், படிப்பு மட்டும் போதாது. பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: ஓராண்டு ஊதியத்தை இழந்து பெறும் தகுதிக்குத் தனிப் பதவியோ கூடுதல் ஊதியமோ இல்லையெனில், அதை நாடுவோர் குறைவர். பயிற்சி பெற்றவரை அடுத்த ஆண்டே வேறு வார்டுக்கு மாற்றினால், அப்பயிற்சிக்குச் செலவிட்ட பொதுப் பணம் வீணாகும். வெளிநாடுகள் நல்ல ஊதியத்துடன் அழைக்கும்போது, தக்கவைக்க வழி காணாத நாடு பிறருக்காகவே பயிற்சியளித்ததாகும்.

கட்டுமாவடியிலிருந்து அடையாறு 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சிகிச்சை அங்கே நடந்தாலும், வலியும் புண்ணும் பக்கவிளைவும் வீட்டில்தான் தொடர்கின்றன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வலிநிவாரணப் பராமரிப்பை இல்லத்துக்கே கொண்டுவருகிறது. அதில் பணியாற்றும் செவிலியருக்குப் புற்றுநோய்ப் பயிற்சியைக் கட்டாயமாக்குவதும், மாவட்ட மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் செவிலியருக்கு இடமாறுதலற்ற தனிப் பணியிடம் உருவாக்குவதும் அரசால் இயலாதவை அல்ல.

முத்துலட்சுமியின் பிறந்தநாளைத் தமிழக அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடி வருகிறது. அந்நாளில் அவர் படத்துக்கு மாலையிடுவதோடு, அவர் பிறந்த மாவட்டத்திலிருந்தே இப்பணியைத் தொடங்கினால் அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.